கொத்து வேலை கற்ற எலும்பு டாக்டர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பசங்களுக்கு ப்ளஸ் டூ முடிக்கும்போது வீட்டில் ஒரே கேள்விதான்: இன்ஜினியரிங்கா, மெடிக்கலா? ஒரு பக்கம் சுரங்கமும் அனல் மின் நிலையமும், இன்னொரு பக்கம் என்.எல்.சி. ஆஸ்பத்திரி, நடுவில் நம்ம மார்க். கவுன்சலிங்கில் எது கிடைச்சுதோ அதுதான் தலையெழுத்துன்னு நாமும் நம்பிவிடுகிறோம். அதனால்தான் பி.இ. முடித்த ஒருத்தர் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டால் தெருவே உட்கார்ந்து கணக்குப் போடும். நாலு வருஷம் போச்சு, இனி அஞ்சரை வருஷம், அதுக்கப்புறம் எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்புன்னா இன்னும் மூணு வருஷம். இவன் எப்போ செட்டில் ஆகுறது?

அந்தக் கணக்கில் முதல் வரி சரிதானா? அந்த நாலு வருஷம் உண்மையிலேயே போயேதான் போச்சா? இதற்குப் பதில் தேடினால் நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு வாழ்க்கை கிடைக்கிறது. அவர் பெயர் பால் பிராண்ட். அவர் டிகிரி வாங்கிய இன்ஜினியர் இல்லை, கட்டட வேலை பழகியவர். செங்கல் அடுக்கி, மரம் இழைத்து, கூரை போட்டு ஏறத்தாழ ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்திக் காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த ஐந்து வருஷம் இல்லாமல் போயிருந்தால் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு அவர் கையில் சிக்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஏன் என்று பார்ப்போம்.

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17-ல், கொல்லிமலையில். இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகள். இப்போது நாம் எழுபது ஹேர்பின் வளைவுகளில் பைக் ஓட்டிப் போய் போட்டோ போடுகிற அந்த மலைக்கு அப்போது ரோடே கிடையாது. நடந்து ஏற வேண்டும், இல்லையென்றால் டோலியில் தூக்கிப் போவார்கள். மலேரியா வேறு.

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. லண்டனில் மிஷனரிகளுக்காக நடந்த ஒரு வருஷ மருத்துவப் பயிற்சி முடித்தவர், கூடவே கட்டட வேலையும் தெரிந்தவர். மலையில் வீடு கட்டினார், தச்சு சொல்லிக் கொடுத்தார், பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து போட்டார். நேரம் கிடைத்தால் மகனைக் கூட்டிப்போய்க் கறையான் புற்றை உடைத்துக் காட்டி, உள்ளே அது எப்படி வீடு கட்டுகிறது என்று விளக்குவார்.

பையனுக்குப் புற்று பிடித்தது, மரம் ஏறப் பிடித்தது, மருத்துவம் மட்டும் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. காலுக்குள் வளரும் நீளமான புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் மெதுவாக இழுத்து வெளியே எடுக்க வேண்டும். அப்பா அதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறான். சீழும் ரத்தமும் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தன.

இன்னொரு நாள் மூன்று பேர் மலை ஏறி வந்தார்கள். தொழுநோயாளிகள். அப்பா பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய காலுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துப் பக்கம் விளையாடப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. எதற்கும் பயப்படாத அப்பா அன்றைக்குக் காட்டிய தயக்கம் பையன் மனசில் தங்கிவிட்டது.

ஒன்பது வயதில் அவனையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் கடிதம்தான். 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். செய்தி தந்தியில் உடனே வந்துவிட்டது. அவர் முன்பே எழுதிப் போட்டிருந்த கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்தன. அப்பா இறந்த பிறகும் வாரக்கணக்கில் அவர் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மகனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை.

மருத்துவம் வேண்டாம், சிமெண்ட் போதும்

உறவினர் ஒருவர் மருத்துவம் படிக்கப் பணம் கட்டத் தயாராக இருந்தார். ஃபீஸ் பிரச்சனையே இல்லை, சீட்டும் கஷ்டமில்லை. நம்ம வீட்டில் இப்படி ஒரு வாய்ப்பை வேண்டாம்னு சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! பால் மறுத்துவிட்டார். அவருக்கு அந்தக் குச்சியும் புழுவும் சீழும்தான் ஞாபகம். அப்பா மாதிரி கட்டடம் கட்டத் தெரிந்தால் இந்தியாவுக்குத் திரும்பிப் போக அது போதும் என்று நினைத்தார்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு லண்டனில் ஒரு கட்டட நிறுவனத்தில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். தச்சு, கொத்து, கல் செதுக்குவது, கூரை, பிளம்பிங், எலெக்ட்ரிகல் என்று எல்லா வேலையும் பழகினார். ராத்திரியில் வகுப்பு.

இந்த வேலையில் கைக்குக் கிடைக்கும் பாடம் புத்தகத்தில் கிடைப்பதில்லை. உளியை எவ்வளவு அழுத்தலாம், மரம் எந்த இடத்தில் பிளக்கும், எந்தச் சுவரில் எவ்வளவு பாரம் ஏறும், எந்த ஆணியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் உடைந்துவிடும் என்பதெல்லாம் மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். நம்ம ஒர்க்‌ஷாப் லேபில் ஃபிட்டிங் செய்து ஃபைல் போட்டவர்களுக்கு இது கொஞ்சமாவது புரியும். சைஸ் சரியாக வந்ததா இல்லையா என்பதை வெர்னியர் சொல்வதற்குள் கையே சொல்லிவிடும்.

பயிற்சி முடிந்தது. மிஷனரியாக இந்தியா போவதற்கு முன் அடிப்படை மருத்துவம் தெரிந்திருந்தால் நல்லது என்று, அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதன் ஒரு பகுதியாக லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு ராத்திரி, ரத்தம் இழந்து மயங்கிப்போன இளம் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. உயிர் இல்லை என்றே பால் நினைத்தார். ரத்தம் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் லேசாகச் சிவப்பு. உதடு அசைந்தது. கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ரத்தம் என்றாலே அருவருப்பாக இருந்தவருக்கு அந்த ஒரு ராத்திரியில் எல்லாம் மாறிப்போனது. ரத்தம் போவதை மட்டுமே பார்த்து வளர்ந்தவர், அது திரும்பி வருவதை முதன்முதலாகப் பார்த்தார். கட்டட வேலையை விட்டுவிட்டு, 1937-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். வயது 23. சக மாணவர்களை விட லேட்தான். கட்டட வேலைக்குப் போன வருஷங்களை வீணாக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் அவருக்கும் ரொம்ப நாள் இருந்தது.

படிப்பு நடக்கும்போதே இரண்டாம் உலகப் போர். லண்டன் மீது குண்டு விழுந்தது. நொறுங்கிய கை கால்களோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். அறுவை மருத்துவம் கற்றுக்கொள்ள அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் இருக்க முடியாது. கூடப் படித்த மார்கரெட்டை 1943-ல் கல்யாணம் செய்துகொண்டார். அறுவை மருத்துவத்தில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் வாங்கினார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் சிகிச்சையில் தனிப் பெயர் எடுத்தார். அது இன்னொரு கட்டுரைக்கான கதை.

வேலூர், செங்கல்பட்டு, ஒரு கைகுலுக்கல்

1946-ல் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கிக் கொஞ்ச வருஷமே ஆகியிருந்தது, அறுவை மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அவரை வற்புறுத்தி வரவழைத்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்தில் பெரிய பெயர். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர் ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தார். அதற்குக் காரணம் செங்கல்பட்டு.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947-ல் காக்ரேன் பிராண்டை அங்கே சுற்றிக் காட்டினார். தோலைப் பற்றிக் காக்ரேன் பேசிக்கொண்டே போக, பிராண்ட் பார்த்ததெல்லாம் கைகளை. விரல்கள் கழுகின் நகம் மாதிரி உள்பக்கமாக மடங்கியிருந்தன. சிலருக்கு விரல்கள் குட்டையாகியிருந்தன. இவற்றைச் சரிசெய்ய எலும்பு மருத்துவர்கள் யாராவது முயன்றார்களா என்று கேட்டார். யாரும் இதைத் தொட்டதே இல்லை என்று காக்ரேன் சொன்னார்.

அங்கிருந்த ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார் பிராண்ட். செயலிழந்த கைதானே, என்ன பெரிய பலம் இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நகம் தோலுக்குள் இறங்கியது. விடச் சொல்லிக் கத்த வேண்டியதாகிவிட்டது.

வலித்த அந்த நொடியிலேயே ஒன்று புரிந்தது. கை சாகவில்லை. உள்ளே சில தசைகள் முழு பலத்தோடு இருக்கின்றன. அப்படியானால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கணக்கெடுத்தால் என்ன?

கணக்கெடுத்தார்கள். பிராண்டும் அவர் குழுவும் நூற்றுக்கணக்கான கைகளைத் தசை தசையாகச் சோதித்து எழுதினார்கள். முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்நர் நரம்பின் கட்டுப்பாட்டில் இருந்த தசைகள் முதலில் போயிருந்தன. மணிக்கட்டு அருகே மீடியன் நரம்பின் கீழ் இருந்த கட்டைவிரல் தசைகள் அடுத்து. முன்கையில் இருந்த பெரிய தசைகள் பலவும் நல்ல நிலையில் இருந்தன. நோயாளிக்கு நோயாளி இதே வரிசைதான்.

ஏன் இந்த வரிசை? செங்கல்பட்டில் ஒரு நோயாளி இறந்தபோது பிராண்ட் இரவோடு இரவாகப் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உடற்கூறு பரிசோதனை செய்தார். நரம்பு முழு நீளத்துக்கும் வீங்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில் மட்டுமே வீங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான பாகங்கள்தான் பிடிக்கும். தோலுக்கு அருகில் நரம்பு குளிர்ச்சியாக இருக்கிறது, தசைக்குள் ஆழமாகப் போகும்போது வெப்பமாக இருக்கிறது. ஆகவே முன்கைத் தசைகள் சிலவற்றை நோய் தொடவே தொடாது. எந்தத் தூண் கடைசிவரை நிற்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பந்தல் கயிறு

மெக்கானிக்கல் பசங்க இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். விரல் என்பது மூன்று எலும்புகளைக் கீல்களால் கோர்த்த ஒரு சங்கிலி. முன்கையிலிருந்து வரும் நீளமான தசைநாண்கள் அதை மடக்கும், நீட்டும். ஆனால் அவை மட்டும் போதாது. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள்தான் விரலின் அடிக் கீலை மடக்கியபடியே நுனிக் கீல்களை நேராக வைக்கின்றன. டம்ளரைப் பிடிக்கிறோமே, அந்த வடிவம் அவற்றின் தயவு.

பந்தல் போட்டிருக்கிறோம், ஒரு மூலையில் கயிறு அறுந்துவிட்டது என்று வையுங்கள். மற்றக் கயிறுகள் முன்பு இழுத்த அதே பலத்தோடுதான் இழுக்கும். ஆனால் பந்தல் கோணிக்கொள்ளும். சின்னத் தசைகள் செத்ததும் விரலுக்கு நடப்பது இதுதான். அடிக் கீல் பின்பக்கம் வளைய, நுனிக் கீல்கள் உள்பக்கம் சுருண்டு, விரல் நகம் மாதிரி ஆகிறது. பலம் இருக்கிறது, வடிவம் இல்லை.

தீர்வும் பந்தல்காரன் தீர்வுதான்: நன்றாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அறுந்த இடத்தில் கட்டு. மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்தால் மற்றவை சமாளித்துக்கொள்ளும். நாம் ரிடண்டன்சி என்று படிக்கிறோமே, அதேதான். அந்தத் தசைநாண் விரல் வரை எட்டாது, நீளம் பத்தாது. கெண்டைக்காலில் பிளாண்டாரிஸ் என்று மெல்லிய, நீளமான நாண் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டாலும் நடைக்கு ஒன்றும் ஆகாது. அதை எடுத்து முன்கை நாணோடு இணைத்து, நாலாகப் பிரித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கிளையாக உள்ளே ஓட்டிக் கட்டினார் பிராண்ட். இன்றும் கை அறுவைப் புத்தகங்களில் நாலு வால் நாண் மாற்று என்று அவர் பெயரோடு இது வருகிறது.

கட்டினால் மட்டும் போதாது. எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது? கீலின் மையத்திலிருந்து நாண் எவ்வளவு தள்ளி ஓட வேண்டும்? தள்ளினால் திருப்புத்திறன் கூடும், ஆனால் நாண் அதிக தூரம் நகர வேண்டியிருக்கும். லீவர் ஆர்ம், டார்க், எக்ஸ்கர்ஷன்: நம்ம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்தான், ரத்தமும் சதையுமாக. பிற்காலத்தில் அவர் கையின் இயக்கவியல் பற்றி ஒரு தனிப் பாடநூலே எழுதினார்.

முதல் அறுவைகள் 1948-ல். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது என்பது அப்போதைய நம்பிக்கை. வார்டில் அவர்களைச் சேர்ப்பதற்கே தயக்கம் இருந்தது. கல்லூரியின் மண்சுவர் சேமிப்பறை ஒன்றில்தான் கை சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. வெட்டினார்கள், தைத்தார்கள், மற்ற எல்லோரையும் போலவே புண் ஆறியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. மனிதர்கள் தங்கள் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தச்சுக் கொட்டகையில் கிடைத்த விடை

அறுவை முடிந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை கோணலாக இருந்தவரை பிச்சையாவது கிடைத்தது, நேரான கையைப் பார்த்து யாரும் காசு போடவில்லை. வேலையும் யாரும் தரவில்லை, நோயின் பெயர் அப்படி. இன்னும் சிலர் புதுப் புண்களோடு வந்தார்கள். கஷ்டப்பட்டு நிமிர்த்திய விரல்கள் மறுபடி அழிந்துகொண்டிருந்தன.

இந்த இடத்தில்தான் பழைய கட்டட வேலைக்காரர் உள்ளே வருகிறார். இவர்களுக்குத் தொழில் வேண்டும், நமக்குத் தச்சு தெரியும், கற்றுக்கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே வெள்ளையடித்த மண் குடிசைகளோடு நவஜீவ நிலையம் எழுந்தது. அதில் ஒரு தச்சுப் பட்டறை. மரப் பொம்மைகள் செய்தார்கள். டாக்டரே கூட நின்று உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிஷம், அதுவும் புண் வந்த பிறகு. பட்டறையிலோ நாள் முழுக்கக் கூடவே நிற்கிறார். புண் எப்படி வருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சுத்தியல் பிடியில் ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருக்கும், பையன் அதையே நாள் முழுக்க அழுத்திப் பிடித்து வேலை செய்வான், உள்ளங்கை கிழியும், அவனுக்குத் தெரியாது. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவான்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. எவ்வளவு முயன்றும் சாவி அசையவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன் வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று பிராண்ட் அவன் கையைப் பார்த்தார். தரையில் ரத்தம். சாவி சதையைக் கிழித்து எலும்பு தெரிந்தது. பையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

பையனுக்கு அதிக பலம் இல்லை. பிராண்டின் கையை ஒரு அளவுக்கு மேல் போகவிடாமல் தடுத்த வலி அவனிடம் இல்லை, அவ்வளவுதான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கிற இ.சி.இ. பசங்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: ஃபீட்பேக் அறுந்த லூப்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடித்து எழுதுவது கட்டாயம். ஏறத்தாழ எல்லாக் காயத்துக்கும் காரணம் கிடைத்தது. ஒரு புதிர் மட்டும் மிஞ்சியது. ராத்திரி முழு விரலோடு படுத்தவர் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்தார். ராத்திரி கண்விழித்துக் காத்திருந்து பார்த்தார்கள். எலி! தூங்குபவரின் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது, அவருக்கு உணர்வே இல்லை. அதன் பிறகு ஊருக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் மருந்துச்சீட்டில் பூனை எழுதிய டாக்டர் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

இதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. தொழுநோயில் விரல்கள் அழுகித் தாமாக விழுவதில்லை. உணர்வு போன இடத்தில் அன்றாடம் படும் காயங்களும், அதில் ஏறும் தொற்றும், கவனிக்காமல் விட்டதும் சேர்ந்துதான் விரலைக் கரைக்கின்றன. கிருமியைக் கொல்ல டாப்சோன் மாத்திரை அப்போதே வந்துவிட்டது. ஆனால் மாத்திரை செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றக் கருவிகளுக்கு நல்ல பிடி போட வேண்டும், தினமும் கையைப் பார்க்க வேண்டும். ஆயிரம் வருஷமாகச் சாபம் என்று நினைத்த ஒன்று, தடுக்கக்கூடிய விபத்துகளின் தொகுப்பு என்று ஆனது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆபரேஷன் தியேட்டர் இல்லை, தச்சுக் கொட்டகை.

அழுத்தம்

கைக்கு அடுத்து கால். உள்ளங்கால் புண் ஏன் ஆறுவதே இல்லை?

நெய்வேலிக்காரர்களுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் ராப்பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பம்பை நிறுத்தினால்தான் தெரியும்.

நம்ம உள்ளங்காலிலும் அப்படி ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு இடம் லேசாக நோகும். நமக்கே தெரியாமல் பாரத்தைப் பக்கத்துக்கு மாற்றுவோம், லேசாக நொண்டுவோம். உணர்வு இல்லாதவர் மாற்றுவதில்லை. அதே புள்ளியில் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கிறார். பிற்பாடு எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தபோது இது உறுதியானது. ஒரு தடவை கொடுத்தால் ஒன்றும் ஆகாத அழுத்தம், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கொடுத்தால் சதையை வீங்க வைத்துப் புண்ணாக்குகிறது. உலோகத்துக்கு நாம் ஃபெடீக் டெஸ்ட் செய்வது போல.

விசையைக் குறைக்க முடியாது, மனிதன் எடை அப்படியே இருக்கும். பரப்பைக் கூட்டலாம். வேலூரிலும், 1955-ல் காட்பாடி பக்கம் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் எத்தனையோ வகைச் செருப்புகளைச் சோதித்தார்கள். அந்த உழைப்பில்தான் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, அதாவது எம்.சி.ஆர். செருப்பு, பரவலானது. மென்மையான ரப்பர் பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கி, பாரத்தை முழுப் பாதத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. புண் வந்த காலுக்கு, பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறையை, தனக்கு முன் சிலர் செய்ததிலிருந்து எடுத்து வளர்த்துப் பின்பு அமெரிக்காவரை கொண்டு போனார்.

அவர் வளர்த்த ஆட்களையும் சொல்ல வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று வழிகாட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்திய மேரி வர்கீஸ், வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார்.

ஒரு ராத்திரி

1950-களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஹோட்டல் அறைக்கு வந்த பிராண்ட், சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வு இல்லாததைக் கவனித்தார். ஊசி எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளிகளோடு இத்தனை வருஷம் பழகியாயிற்று, வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவியிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் விலகி வாழ வேண்டும் என்று விடிய விடிய யோசித்துக் கிடந்தார். தன் நோயாளிகள் ஒவ்வொருவரும் கடந்து வந்த ராத்திரி எது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. காலையில் மறுபடி ஊசி குத்தினார். வலித்தது! ரயிலில் ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கி மரத்துப் போயிருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்கு அவர் சந்தோஷப்பட்ட மாதிரி வேறெதற்கும் சந்தோஷப்பட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

1960-ல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. கௌரவம். 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய முயற்சி: செயற்கை வலி. கையுறையில் சென்சார் வைத்து, அழுத்தம் அளவுக்கு மீறினால் காதில் ஒலி எழுப்பும் கருவி செய்தார்கள். ஒலி கேட்டும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்குப் பதில் மின்சார அதிர்ச்சி வைத்தார்கள். வலித்தது. ஆனால் முக்கியமான வேலை நடக்கும்போது நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குற நமக்கு இது புரியாதா என்ன? பல வருஷ உழைப்புக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. வலியின் பயனே அதை நாம் அணைக்க முடியாது என்பதில்தான் இருக்கிறது என்பது அந்தத் தோல்வி கொடுத்த பாடம்.

பால் பிராண்ட் 2003 ஜூலை 8-ல் சியாட்டிலில் காலமானார். வயது 89-க்குச் சில நாள்களே பாக்கி.

மிச்சம்

எலும்பு மருத்துவம் படிக்கப் போகும் இன்ஜினியரிங் சீனியர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் நாலு வருஷக் கணக்கை எடுக்காதீர்கள். டிரில், பிளேட், ஸ்க்ரூ, பாரம், லீவர் என்று அவர் போகும் இடத்தில் பாதிப் பேர் பேசுவது நம்ம பாஷைதான். ஆனால் பிராண்ட் விஷயத்தில் பழைய படிப்பு அதைவிட ஆழமாக உதவியது. ஃபார்முலாவைக் கொடுத்ததோடு நிற்காமல், மற்ற டாக்டர்கள் போகாத ஒரு கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியது. விடை அங்கேதான் கிடந்தது. முன்னால் படித்தது பின்னால் எந்த இடத்தில் நம்மை நிறுத்தும் என்று கவுன்சலிங் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொரு மிச்சமும் இருக்கிறது, அது நம்ம வீட்டிலேயே. சர்க்கரை நோய் முற்றினாலும் பாதத்தில் உணர்வு போகும், தொழுநோயில் நடந்த அதே கதை தொடங்கும். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, பிராண்டும் அவர் கூட்டாளிகளும் நம்ம ஊரில் சோதித்துச் சோதித்துப் பரப்பியதுதான். இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால், சர்க்கரை இருக்கிற தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவங்க உள்ளங்காலை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. சின்னதா ஒரு சிவப்பு, ஒரு கொப்புளம், செருப்பில் குத்திக்கிட்டு இருக்கிற ஒரு முள். அவங்களுக்கு வலிக்காது, அதனால சொல்லவும் மாட்டாங்க. பார்க்க வேண்டியது நாமதான்.